களிமண் மேல் நிற்கும் ஊர்

எல்லோருக்கும் வணக்கம். இத்தாலி என்றதும் ரோம், வெனிஸ் என்றுதான் பேச்சு தொடங்கும். நான் சொல்ல வந்தது ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேரைத் தாண்டாத ஒரு குன்றுக் கிராமத்தைப் பற்றி. ரோமுக்கு வடக்கே, விதெர்போ மாவட்டத்தில் இருக்கும் சிவிதா தி பான்யோரேஜோ.

முதலில் அதன் காலடியைப் பாருங்கள். மேலே எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை, அதற்கு அடியில் ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்த களிமண். மழையும் இரு பக்கத்து ஓடைகளும் அந்தக் களிமண்ணைக் கரைக்கக் கரைக்க, பிடிமானம் போன பாறை ஓரம் ஓரமாக உடைந்து விழுகிறது, அதன் மேல் இருந்த வீடுகளும் கூடவே போய்விடுகின்றன. பனி மூட்டத்தில் ஊர் தனியாக மிதப்பது போலத் தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சுற்றியிருந்த நிலமெல்லாம் இப்படிக் கரைந்து போனதால்தான் அந்தக் காட்சியே நமக்குக் கிடைத்தது. எனக்கு அது மனதை உலுக்கும் விஷயம்.

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், ரோமானியர்கள் தலையெடுப்பதற்கு முன் அந்தப் பகுதியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்கள் அங்கே குடியேறினார்கள். பாறையைக் குடைந்து அவர்கள் வெட்டிய வழியில்தான் இன்றும் ஊருக்குள் நுழைகிறோம். வாசலில் மனிதத் தலையைப் பிடித்திருக்கும் கற்சிங்கங்கள் உண்டு, பக்கத்து நகரமான ஓர்வியேட்டோவின் ஆதிக்கக் குடும்பம் ஒன்றை ஊரார் தோற்கடித்ததன் நினைவாக. எட்ரஸ்கன் குகைகள் பிற்காலத்தில் திராட்சை மது வைக்கும் அறைகளாகவும் ஆலிவ் எண்ணெய் ஆட்டும் செக்குக் கூடங்களாகவும் மாறின. பெரிய இறையியலாளரான புனித பொனவெந்தூரா 13ஆம் நூற்றாண்டில் பிறந்தது இங்கேதான். அவர் பிறந்த வீடு? அது எப்போதோ பள்ளத்தில் விழுந்துவிட்டது.

1695 நிலநடுக்கம்தான் பெரிய அடி. கிறிஸ்தவ ஆயரும் ஊராட்சியும் பக்கத்து ஊரான பான்யோரேஜோவுக்கு மாறிவிட, மக்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப்போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊருக்குப் போகும் பாலத்தைத் தகர்த்தது. இப்போதுள்ள நடைபாலம் 1965இல் கட்டியது, சுமார் 300 மீட்டர் நீளம். கார் போகாது, வெயிலோ காற்றோ, நீங்கள் நடந்துதான் ஏற வேண்டும்.

அந்தப் பகுதியிலேயே பிறந்த ஓர் எழுத்தாளர் இதைச் சாகும் ஊர் என்றார், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2013இல் நுழைவுக் கட்டணமாக ஒன்றரை யூரோ வைத்தார்கள், பிறகு அது 5 யூரோ ஆனது, அதைக் கொடுத்துப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அதைவிட முக்கியம், ஜூனிலும் செப்டம்பரிலும் தொன்னா என்ற கழுதைப் பந்தயம் நடக்கும். சான் தொனாத்தோ தேவாலயத்துக்கு முன்னால், கல் பாவாத அந்தச் சின்னச் சதுக்கத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் கழுதைகளைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் பாலம் ஏறி வந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு கத்துவார்கள்.