7.5 கேவிஏ ஜெனரேட்டர், 4 கிலோவாட் லோடு: அப்படியும் வோல்ட்டேஜ் ஏன் இறங்குது?

அடுத்த கேள்வி. "வீட்டு விசேஷத்துக்கு 7.5 கேவிஏ த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். மொத்த லோடு 4 கிலோவாட்தான். ஆனா கிரைண்டர் போட்டா லைட் மங்குது, வோல்ட்டேஜ் 190க்கு வந்துடுது, ஆம்ப்ளிஃபயர் கட் ஆகுது. மிஷின் பழுதா?"ன்னு கேட்டிருக்காங்க.

மிஷினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அதுல இருந்து எத்தனை ஒயர் இழுத்திருக்காங்கன்னு பாருங்க. ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல் மட்டும்தான்னா கோளாறு அங்கேதான். 7.5 கேவிஏங்கிறது மூணு ஃபேஸுக்கும் சேர்த்து. ஒரு ஃபேஸுக்கு 2.5 கேவிஏ, அதாவது 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 11 ஆம்பியர். உங்க 4 கிலோவாட்டும் ஒரே ஃபேஸ்ல ஏறினா 17 ஆம்பியரைத் தாண்டிடும். அந்த ஒரு ஃபேஸோட வைண்டிங் (கம்பிச் சுருள்) கொதிக்கும், மத்த ரெண்டும் சும்மா கிடக்கும்.

இந்த நிலைமையில சிலர் ஏவிஆர்ல, அதாவது வோல்ட்டேஜைத் தானா சரிசெய்யற கார்டுல, இருக்கிற திருகைத் திருப்பி வோல்ட்டேஜை ஏத்துவாங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. மூணு வைண்டிங்குக்கும் ஃபீல்டு, அதாவது காந்தப்புலம், ஒண்ணுதான். லோடு ஏறின ஃபேஸை 230க்குத் தூக்கினா, லோடு இல்லாத ஃபேஸ் 260, 270ன்னு போகும். அப்புறம் அதுல யாராவது ஒரு டிவியை மாட்டினா போச்சு.

லோடைப் பிரிக்கிறதுதான் வழி. வீட்டுக்கு ஒரு ஃபேஸ், பந்தல் லைட்டுக்கும் சவுண்ட் செட்டுக்கும் ஒண்ணு, சமையல் கொட்டகைக்கு ஒண்ணு. கிரைண்டரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஃபேஸ்ல வரவே கூடாது. எல்லாத்தையும் ஓடவிட்டு கிளாம்ப் மீட்டர்ல (ஒயரைச் சுத்திக் கவ்வி ஆம்பியர் பார்க்கிற மீட்டர்) மூணு ஃபேஸையும் அளங்க. ஒவ்வொண்ணும் 9 ஆம்பியருக்குள்ள, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் 2 ஆம்பியருக்குள்ள இருந்தா நல்லது. ரெண்டு ஃபேஸை ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டு வராதீங்க, நடுவுல 400 வோல்ட் நிக்கும்.

அரை எச்பி கிரைண்டர் ஓடும்போது 4 ஆம்பியர்தான் எடுக்கும். ஸ்டார்ட் ஆகிற நொடியில அஞ்சாறு மடங்கு இழுக்கும். அதனால காலி டிரம்மோட முதல்ல அதை ஓடவிடுங்க, பத்து செகண்ட் கழிச்சு அரிசியைப் போடுங்க, மத்த லோடையும் ஏத்துங்க. தண்ணி மோட்டாரை இதுல போடவே வேண்டாம். இபி கரண்ட் இருக்கும்போதே டேங்கை நிரப்பிடுங்க.

பிரிச்ச பிறகும் இறங்குதுன்னா, மீட்டர்ல ஹெர்ட்ஸைப் பாருங்க. லோடு இல்லாம 52 காட்டும், ஃபுல் லோடுல 50 பக்கம் வரும். அது 48க்குக் கீழே போனா இன்ஜின் திணறுது: ஏர் ஃபில்டர், எரிபொருள், இன்ஜின் வேகத்தைச் சீரா வைக்கிற கவர்னர்னு பார்க்கணும். ஹெர்ட்ஸ் சரியா இருந்து வோல்ட்டேஜ் மட்டும் இறங்கினா ஏவிஆர், இல்லாட்டி ஒயர். ஜெனரேட்டர் முனையில 230, பந்தல்ல 215ன்னா ஒயர்தான். 40 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர்ல 10 ஆம்பியர் போனா, போக வர சேர்த்து 10 வோல்ட் அதுலயே போயிடும். 4 ஸ்கொயர் போட்டா 4 வோல்ட்டுக்குள்ள முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, நியூட்ரல். மூணு ஃபேஸாப் பிரிச்ச பிறகு நியூட்ரல் கழண்டா, லோடு கம்மியா இருக்கிற ஃபேஸ்ல 300 வோல்ட்டுக்கு மேல கூட ஏறும். எல்.இ.டி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்துல போயிடும். ஃபேஸ் ஒயர் எவ்வளவு தடிமனோ நியூட்ரலும் அதே தடிமன்ல, முனையில லக் (ஒயரை போல்ட்ல மாட்டுற உலோகக் காது) அடிச்சு, இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே முறுக்கி வச்சிடுங்க. வீட்டு லைனுக்கு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (இபி, ஜெனரேட்டர் ரெண்டுல ஒண்ணை மட்டும் இணைக்கிறது) வழியா மட்டும் கொடுங்க, இல்லேன்னா உங்க கரண்ட் வெளியே போய் போஸ்ட்ல வேலை செய்றவரைத் தாக்கும்.