கணக்குக் கேட்க ஓர் எதிரி வேண்டும்

(கடலூரில் நடந்த பட்டிமன்றத்தில், 'பைக் குழுக்களுக்கு இடையிலான போட்டி தொண்டுக்குத் துணையா, தடையா?' என்ற தலைப்பில் 'துணையே' என்ற அணிக்காகப் பேசிய உரை.)

நடுவர் அவர்களே, ஒற்றுமையின் பெருமையை ஆளுக்கொரு விதமாகப் பேசி ஒருவரை ஒருவர் மறுத்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணிப் பெருமக்களே, மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் முள்ளோடைக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கும் ரைடர்களே, அவர்களை நம்பிப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

வாசலில் வண்டிகள் நிற்கும் அழகைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். புல்லட்டுகள் எல்லாம் வலது பக்கம். ஜாவாவும் யெஸ்டியும் அவற்றுக்கு நேர் எதிரே. ஆர்.எக்ஸ். 100 வண்டிகள் வேப்பமரத்தடியில், அரை லிட்டர் ஆயில் புகையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கின்றன. டியூக் வைத்திருக்கும் தம்பிகள் வாசற்படியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். என் ஸ்கூட்டருக்கு சைக்கிள் நிறுத்தும் இடத்தில்தான் இடம் கிடைத்தது. அது கிடக்கட்டும்.

இந்தப் பிரிவினை இன்று நேற்று வந்ததில்லை. 1955-இல் சென்னையில் புல்லட் தயாரிக்க என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. அறுபதுகளில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது. அன்று ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. ஜாவாவில் உதைக்கிற லீவரும் கியர் போடுகிற லீவரும் ஒன்றே. 'உதைத்துவிட்டு அதையே மடக்கிக் கியர் போடும் புத்திசாலித்தனம் உங்கள் வண்டியில் உண்டா?' என்று ஜாவாக்காரர் கேட்பார். பழைய புல்லட்காரர் பதில் சொல்ல மாட்டார். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, எஞ்சினின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஸரை அழுத்தி, முழு உடம்பையும் கிக்கர் மேல் ஏற்றி ஒரே உதை விடுவார். அந்தச் சத்தம்தான் பதில். மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. வண்டி வருவது நின்றும் சண்டை நிற்கவில்லை என்றால், இதை நிறுத்தச் சொல்லி இந்த மேடையில் தீர்மானம் போட எதிரணிக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்!

எதிரணித் தலைவர் ஐயா அருமையாக ஆரம்பித்தார். 'வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது' என்றார். ஐயா, பைக்கில் இடது கை கிளட்சில் இருக்கிறது. வலது கை என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாவிட்டால் வண்டி குளத்துக்குள் போய்விடும்.

இரண்டாவதாகப் பேசிய அண்ணன், 'முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி யாரோடு போட்டி போட்டான்?' என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். வண்டியை நடுக்காட்டில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்த ஒரு மனிதரை ரைடர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டும் துணிச்சல் எனக்குக் கிடையாது. இங்கே இருப்பவர்களில் யாராவது, டாங்க் மேல் ஒரு கொடி படர்ந்திருக்கிறது என்பதற்காக வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவாரா? டாங்க் மேல் பக்கத்து வீட்டுக் குழந்தை விரல் வைத்தாலே முறைக்கிறவர்கள் இவர்கள்.

சங்க காலத்துக்குப் போவதென்று ஆகிவிட்ட பிறகு பாரியோடு ஏன் நிற்க வேண்டும்? குமணனிடமும் போவோம். வறுமையில் இருந்த ஒரு புலவர் முதலில் இளவெளிமானிடம் போனார். அவன் தன் தகுதிக்கும் இவர் தகுதிக்கும் பொருந்தாமல் ஏதோ கொஞ்சம் கொடுத்தான். இவர் வாங்கவில்லை. குமணனிடம் போனார். அவன் யானையே கொடுத்தான். புலவர் நேராக யானையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இளவெளிமானின் ஊருக்கு ஓட்டி வந்து, அவனுடைய காவல் மரத்திலேயே அந்த யானையைக் கட்டினார். 'கொடுக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணன் ஏன் இந்தக் கதையை விட்டுவிட்டார் என்று நடுவர் அவர்கள் யோசிக்க வேண்டும். ஒரு வள்ளலின் கொடையைக் கொண்டுபோய் இன்னொருவன் வாசலில் கட்டுகிற வழக்கம் தமிழனுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்.

என் வாதம் அந்த யானையிலிருந்துதான் தொடங்குகிறது.

நம் பக்கத்துப் பைக் குழுக்கள் பலவற்றுக்குப் பதிவு எண் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு ஸ்டிக்கர், ஜாக்கெட்டின் முதுகில் ஒரு கழுகு அல்லது மண்டை ஓடு, ஓர் அட்மின். ஆதரவற்றோர் இல்லத்துக்கு ரைடு என்று அறிவித்தால் பணம் அட்மினின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. வரவு செலவைத் தணிக்கை செய்ய ஆள் இல்லை. ஆண்டறிக்கை இல்லை. குழுவுக்குள் இருக்கிறவர் கேட்க மாட்டார். கேட்டால் அடுத்த ரைடில் கடைசி வரிசை. கொடுத்தவரும் கேட்க மாட்டார். ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு ரசீது கேட்பது நமக்குக் கூச்சம். வாங்கிய இல்லத்தாரால் கேட்கவே முடியாது. பிறகு யார்தான் கேட்பது? எதிர்க்குழு கேட்கும்! கூச்சமே இல்லாமல் கேட்கும். பத்தாயிரம் பேர் பார்க்கும் இடத்தில் கேட்கும்.

எதிரணியில் மூன்றாவதாகப் பேசிய தங்கை ஒரு பெட்ரோல் கணக்குப் போட்டார். நல்ல கணக்கு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். போக வர 300. புல்லட் லிட்டருக்கு 35 கொடுக்கிறது என்று வைத்தால் எட்டரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வையுங்கள், ஒரு வண்டிக்கு 850 ரூபாய். ஐம்பது வண்டி வந்தால் 42,500 ரூபாய். வந்தவர்கள் முதியோர் இல்லத்தில் கொடுத்ததோ பதினைந்தாயிரம் ரூபாய்க்கு அரிசியும் போர்வையும். 'பெட்ரோல் காசை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாமே' என்றார்.

தங்கையே, இந்தக் கணக்கை இந்த மேடைக்கு முன்பே போட்டுவிட்டார்கள். போட்டது தர்மவான் யாரும் இல்லை. அந்த ஐம்பது பேரைக் கண்டாலே ஆகாத இன்னொரு குழு. அவர்கள் செய்த கேலியில், வந்தவர்கள் அடுத்த முறை ஒரு விதி வைத்தார்கள்: எவ்வளவு பெட்ரோல் போடுகிறாயோ அவ்வளவு பணம் நிதியில் போட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். அறிவுரை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அறிவுரைக்கு ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டு நகர்ந்துவிடுவார்கள்.

வெளிநாட்டு உதாரணமும் வந்தது. 2015 மே மாதம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வேக்கோ என்ற ஊரில் பைக் கூட்டங்கள் மோதிக்கொண்டு ஒன்பது பேர் செத்தார்களே என்றார்கள். உண்மை. யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கே இருந்த பகைக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? டெக்சாஸ் என்ற பெயரை ஜாக்கெட்டில் யார் போட்டுக்கொள்ளலாம் என்பது. அது எல்லைச் சண்டை. யார் அதிகம் கொடுத்தது என்று அங்கே யாரும் அடித்துக்கொள்ளவில்லை. கொடுப்பதில் போட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் சிட்னிக்கு வாருங்கள். 2012-இல் மார்க் ஹவ்வா என்பவர் அங்கே ஒரு ரைடைத் தொடங்கினார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பழைய பாணி வண்டிகளில் வரவேண்டும். திரட்டும் பணம் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஆண்களின் மனநலத்துக்கும். இன்று உலகமெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் நடக்கிறது, இந்தியாவிலும் நடக்கிறது. எந்த ரைடர், எந்தக் குழு எவ்வளவு திரட்டியது என்ற பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். முதல் இடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

நம் ஊருக்கு வருகிறேன். ரத்த தானம். எல்லாக் குழுவும் ஆகஸ்ட் 15 அன்றும் ஜனவரி 26 அன்றும்தான் முகாம் நடத்தும். அன்றைக்குத்தான் தேசபக்தியும் விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. ஆனால் ரத்தம் நெடுநாள் பாதுகாத்து வைக்கிற பொருள் இல்லை. சிவப்பணுக்கள் ஐந்து ஆறு வாரம் தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்குச் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் சுதந்திர தினம் பார்த்து வருவதில்லை. கல்லூரிகள் மூடிக் கிடக்கும் மே மாதத்தில் முகாமுக்கு ஆள் கிடைக்காது. இந்தச் சிக்கலைத் தீர்த்தது எந்த ஒருங்கிணைப்புக் குழு? எதுவும் இல்லை. எங்கள் பக்கம் இரண்டு குழுக்கள். ஒன்று ஆகஸ்டைப் பிடித்துக்கொண்டது. அதே நாளில் நடத்தினால் 'எங்களைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்கள்' என்று பேச்சு வரும் என்பதற்காக மற்றது மே மாதத்துக்கு நகர்ந்தது. வெறும் வீம்பு. ஓர் ஆண் ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறைக்கு 90 நாள் இடைவெளி வேண்டும், பெண்ணுக்கு 120 நாள். ஆகஸ்டில் கொடுத்தவர் அடுத்த மே மாதத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தக் குழுவில் சிலர் அந்த முகாமுக்கும் முகத்தை மூடிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்பது தனிக்கதை. பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, நம் தாழ்வான பகுதிகளுக்குள் வந்தது. கடலூர்க்காரர்களுக்குப் பேரிடர் புதிதில்லை. 2004-இல் சுனாமி, 2011-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம். எது வந்தாலும் நமக்கு முதலில் வருவது பிரெட். ஒரு பள்ளிக்கூட முகாமில் அன்று காலை முதல் குழு பிரெட் கொண்டு வந்தது. இரண்டாவது குழு வந்தது, அதுவும் பிரெட். மூன்றாவது குழு வந்தபோது ஒரு பாட்டி, 'ஜாமாவது கொண்டு வந்தீர்களா?' என்று கேட்டார்.

எங்கள் ஸ்கூட்டர் பெண்கள் குழுவுக்குப் பைக்குக்காரர்கள் வைத்த பெயர் காய்கறிக் கூடை. அதனாலேயே எங்களுக்கு ஒரு வைராக்கியம். அவர்கள் கொண்டு வராததைக் கொண்டு போவது என்று முடிவு செய்து, முகாமில் இருந்த பெண்களிடம் தனியாகக் கேட்டோம். நாப்கின் இல்லை. மாற்று உள்ளாடை இல்லை. மூன்று நாளாக யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. முகாமுக்கு வந்த ஐம்பது ஆண்களுக்கும் அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க முடியாது. அன்று மாலைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எங்கள் இணையப் பக்கத்தில் படமும் போட்டோம், நான் மறைக்கவில்லை. காய்கறிக் கூடை என்ற வார்த்தையையும் சேர்த்தே போட்டோம்.

மறுநாள் காலை புல்லட் குழுவின் ஒரு பையன் தனியாக வந்தான். பிரெட் இல்லை. கையில் ஒரு பாலிதீன் பை. உள்ளே காலியான மாத்திரை அட்டைகள். ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெயரும் வகுப்பறை எண்ணும். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, ஒரு குழந்தையின் வலிப்பு மருந்து அட்டையும் இருந்தது. தண்ணீர் புகுந்த வீட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் மாத்திரையை எடுத்து வரவில்லை. அட்டை மட்டும் சிலரிடம் மடியில் இருந்திருக்கிறது. முதல் நாள் இரவே ஒவ்வோர் அறையாகப் போய் வாங்கியிருக்கிறான். மருந்துக்கடையில் அட்டையைக் காட்டி, மருத்துவர் ஒருவரிடம் சீட்டும் வாங்கி, மதியத்துக்குள் கொண்டு வந்து கொடுத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் அவர்கள் பக்கத்தில் போட்ட வரியைச் சொல்கிறேன்: 'கூடையில் வராதது.' எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த முகாமில் இருந்த ஒரு சர்க்கரை நோயாளிக்குக்கூட எங்கள் சண்டையால் நஷ்டம் இல்லை.

எதிரணி கேட்கும் ஒற்றுமை எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். கூட்டு ரைடு என்று ஒரு முயற்சி. பேனரில் எந்தக் குழுவின் பெயர் முதலில் என்று ஒரு கூட்டம். அகர வரிசை என்று முடிவானது. உடனே இரண்டு குழுக்கள் பெயரை மாற்றிக்கொண்டன, 'அ'வில் தொடங்கும்படி. கடைசியில் போனோம், படம் எடுத்தோம், வந்தோம். எவ்வளவு வசூல் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே பக்கம் நின்றதால் எதிர்ப்பக்கம் நின்று கேட்க ஆள் இல்லை.

சாலையில் பந்தயம் ஓட்டுகிறார்களே என்ற குற்றச்சாட்டு மிச்சம் இருக்கிறது. சாலையில் வேகப்பந்தயத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. போலீசார் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொண்டு ரைடில் முன்னால் ஒருவர் வழிகாட்டிப் போவார், கடைசியில் ஒருவர் பின்தங்கியவர்களைக் கூட்டி வருவார். நடுவில் இருப்பவர்கள் ஒருவர் விட்டு ஒருவர் வலமும் இடமுமாக இடைவெளி விட்டுப் போவார்கள். யாராவது ஹெல்மெட் இல்லாமல் ஒரு படத்தில் சிக்கினால் போதும். எதிர்க்குழு அந்தத் தலையை வட்டம் போட்டுக் காட்டும். காவல்துறைக்குப் பயப்படாத தம்பிகள் அந்த வட்டத்துக்குப் பயப்படுகிறார்கள்.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணித் தலைவர் ஐயாவும் ஒரு குழுவின் புரவலர் என்பது சபைக்குத் தெரியும். வருகிற மே மாத முகாமுக்கு அவர் தம் ஆட்களோடு வரட்டும். தனி நாற்காலி, பழச்சாறு எல்லாம் உண்டு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஊசியைப் பார்த்ததும் போன் வந்ததுபோல் எழுந்து வெளியே போனார்கள் என்பதை நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம். நன்றி, வணக்கம்.