நீர்மட்டம் இறங்கட்டும் என்ற பாட்டி

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் மேட்டூர் நீர்மட்டம் சொல்வார்கள் அல்லவா? தஞ்சாவூர்க்காரர் "ஏறியிருக்கா?" என்று காதைத் தீட்டுவார். எங்கள் பாட்டி ஒருத்திதான் "இறங்கிச்சாடா?" என்று கேட்பாள்.

காரணம் உண்டு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை அது. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அந்தத் தண்ணீருக்கு அடியில் போன ஊர்களில் பாட்டி வாழ்க்கைப்பட்ட ஊரும் ஒன்று.

பென்னாகரம் பக்கம் நாகமரைப் பரிசல் துறையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், இன்னொரு பக்கம் கரடும் காடும். வெளியூர்க்காரர்கள் "ஆளே இல்லாத இடம்" என்பார்கள். ஆளே இல்லாத இடமா? ஆளை எழுப்பிவிட்ட இடம் ஐயா!

நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே போனால் எதிர்க்கரை பண்ணவாடியில் பழைய மாதா கோவில் கோபுரம் எட்டிப் பார்க்கும். இன்னும் வற்றினால் ஜலகண்டேசுவரர் கோவில் நந்தி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்படி ஒரு கோடை. பாட்டி என்னைப் பரிசலில் ஏற்றினாள். தார் வாசனை மூக்கைத் துளைத்தது. பரிசல்காரர் துடுப்பை நிறுத்தி, "ஆயா, இதுதான் நந்தி" என்றார். கழுத்தளவு தண்ணீரில் கல் மாடு. திமில் மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. பாட்டி அதைப் பார்க்கவே இல்லை. நந்தியிலிருந்து கையை நீட்டி, வாய்க்குள் தெரு எண்ணினாள். மூன்றாவது தெருவில் நிறுத்தி, "அங்கதான் அடுப்படி" என்றாள். எனக்குத் தெரிந்தது வெறும் தண்ணீர்.

தண்ணீர் விலகிய வண்டலில் இன்றைக்கும் விதைக்கிறார்கள். நீர் திரும்பி வருவதற்குள் அறுத்துவிட வேண்டும். ஆளில்லா இடமாம்!

அடடா, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டே நிமிடம் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். யானையைப் பற்றிச் சொல்லத்தான் குறிப்பெல்லாம் எழுதி வந்தேன். ஆற்றோடு மேலே போனால் ஒகேனக்கல், அதற்கு மேலே அஞ்செட்டி, உரிகம் காடுகள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக் காடுகளிலும் சேர்த்து 686 சதுர கிலோமீட்டரை 2022இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். நீர்நாய் உண்டு, முதலை உண்டு. கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடம்... சரி, ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம்.