சொல் எங்கே நிற்கிறது?

நண்பர்களே,

'ஷி இஸ் வெரி பியூட்டி' என்று ஒரு பிள்ளை எழுதினால் உடனே சிவப்பு மையால் சுழித்துவிடுகிறோம். அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். 'அவள் ரொம்ப அழகு' என்பது நல்ல தமிழ். அழகு பெயர்ச்சொல்தான், ஆனாலும் 'ரொம்ப' அதற்கு முன்னால் இயல்பாக உட்காருகிறது. ஆங்கிலத்தில் 'வெரி' பெயரடையை, அதாவது ஒரு பெயரின் தன்மையைச் சொல்லும் சொல்லைத் தேடும். பியூட்டி பெயர், பியூட்டிஃபுல் பெயரடை. 'எனக்குப் பசி' என்ற நினைப்பில் 'ஐ ஆம் ஹங்கர்' என்று எழுதுவதும் இதே கதைதான். அங்கே 'ஹங்ரி' வரவேண்டும். பிள்ளைக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதால் வருகிற பிழை இது. திட்டிப் பயனில்லை, காரணத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சரி, ஆங்கிலப் பெயர்ச்சொல் எப்போதும் வேடம் மாற்றிக்கொண்டுதான் இன்னொரு பெயருக்கு முன் வருமா? இல்லை. ஸ்டோன் என்றால் கல். 'ஸ்டோன் வால்' என்றால் கல் சுவர். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, நிற்கும் இடம்தான் மாறியது. இந்த இடத்தில் தமிழை நம்பலாம். இரண்டு மொழியிலும் கடைசிச் சொல்தான் பொருள், முன் சொல் அதன் வகை. தோட்ட வீடு வீடு, வீட்டுத் தோட்டம் தோட்டம். அதேபோல 'மில்க் சாக்லேட்' தின்பது, 'சாக்லேட் மில்க்' குடிப்பது. 'ரேஸ் ஹார்ஸ்' குதிரை, 'ஹார்ஸ் ரேஸ்' பந்தயம்.

பன்மையிலும் தமிழே கைகொடுக்கும். செருப்புக் கடை என்கிறோம், செருப்புகள் கடை என்பதில்லை. ஆங்கிலத்திலும் 'ஷூ ஷாப்'தான், அங்கே ஆயிரம் ஜோடி இருந்தாலும். பத்து ரூபாய் நோட்டு 'டென் ருபீ நோட்', 'ருபீஸ்' கூடாது. 'சிக்ஸ் இயர் ஓல்ட் பாய்' என்று முன்னால் வரும்போது 'இயர்'. 'தி பாய் இஸ் சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட்' என்று பின்னால் போனதும் 'இயர்ஸ்'. இந்த ஒரு ஜோடியைப் பலகையில் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினால் போதும், வகுப்புக்கே விளங்கிவிடும்.

விதிவிலக்கு உண்டு: ஸ்போர்ட்ஸ் டே, சேவிங்ஸ் அக்கவுண்ட், க்ளோத்ஸ் ஷாப், கஸ்டம்ஸ் ஆபீசர். கடைசி இரண்டுக்கும் காரணம் தெளிவு. 'கஸ்டம்' என்று நிறுத்தினால் வழக்கம், 'கஸ்டம்ஸ்' என்றால்தான் சுங்கம். 'க்ளாத்' வெறும் துணி, 'க்ளோத்ஸ்' உடுத்தும் உடை.

இப்படி முன்னால் வந்த ஸ்டோன், ஷூ எல்லாம் பெயரடையாகவே ஆகிவிட்டனவா? சோதித்துப் பாருங்கள். 'வெரி ஓல்ட் வால்' சரி. 'வெரி ஸ்டோன் வால்' நிற்காது. 'தி ஷாப் இஸ் பிக்' சரி. 'தி ஷாப் இஸ் ஷூ' நிற்காது. பெயரடையின் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவை பெயர்கள்தான்.

எதிர்த்திசைக்கு வருவோம். தமிழில் பெரிய, சிவப்பான என்பவற்றோடு விகுதி சேர்த்தால் பெயர் கிடைத்துவிடும்: பெரியது, சிவப்பானது, பெரியவர். ஆங்கிலத்தில் அந்த விகுதி இல்லை. கடையில் 'கிவ் மீ தி பிக்' என்றால் வாக்கியம் பாதியில் நிற்கும். 'தி பிக் ஒன்' என்று அந்த 'ஒன்' வந்தாக வேண்டும். நம் 'து' செய்கிற வேலையை அங்கே 'ஒன்' செய்கிறது. மனிதர்களைக் குறிக்கும்போது 'தி ரிச்', 'தி புவர்' என்று தனியே நிற்கலாம். ஆனால் அது அந்த மக்கள் எல்லோரையும் குறிக்கும். எனவே 'தி ரிச் ஆர்' என்றுதான் வரும், 'இஸ்' வராது, 'ஸ்'ஸும் ஒட்டாது. ஒரே ஒரு பணக்காரர் என்றால் 'எ ரிச் மேன்'.

எழுத்தில் தெரியாத ஒன்று மிச்சமிருக்கிறது. 'இங்கிலீஷ் டீச்சர்' என்பதில் முதல் சொல்லை அழுத்திச் சொன்னால் ஆங்கிலப் பாடம் நடத்துபவர், இங்கிலீஷ் அங்கே பெயர். டீச்சரை அழுத்தினால் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர், இங்கிலீஷ் இப்போது பெயரடை. தாளில் இரண்டும் ஒன்றே. ஆகவே இந்த ஜோடியை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.