பெரிய கடை வருதா? சண்டையை விடுங்க, லாரி எந்தப் பக்கம் திரும்பும்னு கேளுங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு மாசி வீதி சாப்பாட்டு வீடியோ கிடையாது, அது அடுத்த வாரம். போன வீடியோவுக்குக் கீழ ஒரு பெரிய பஞ்சாயத்தே ஓடிக்கிட்டு இருக்கு. குடியிருப்புக்குப் பக்கத்துல பெரிய சூப்பர் ஸ்டோர் வருதாம். "வரட்டும்ணே, எண்ணெய் விலை குறையும்"னு பாதிப் பேரு. "அண்ணாச்சி கடை என்னாகுறது"ன்னு மீதிப் பேரு. ரெண்டு பக்கமும் அம்புட்டுக் கோவம். ஆனா ஒருத்தராவது அந்தக் கடையோட வரைபடத்தைப் பாத்தீங்களா? எனக்கு எரிச்சலே அதுலதான்.

கசப்பா இருந்தாலும் சொல்லிடுறேன். திட்ட அனுமதி குடுக்குற ஆபீசு அண்ணாச்சி வியாபாரத்தைப் பாக்காது. அவங்க பாக்குறது நில உபயோகம், ரோட்டு அகலம், கட்டடத்தைச் சுத்தி விடுற காலி இடம், பார்க்கிங், மழைத்தண்ணி, தீயணைப்பு. "சின்னக் கடை அழிஞ்சிரும்"னு நூறு கையெழுத்தோட மனு குடுத்தா கோப்புல தூங்கும். "பின்பக்க கேட் 20 அடித் தெருவுல திறக்குது"ன்னு எழுதினா பதில் எழுதியே ஆகணும்கிற நெருக்கடி வரும்.

"கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவாய்ங்கல்ல, அங்க பேசிக்கிறோம்"னு ஒரு அண்ணே சொல்லிருந்தாரு. போட மாட்டாங்கண்ணே! 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டர், அதாவது சுமாரா 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி கட்டடம் இருந்தாத்தான் சுற்றுச்சூழல் அனுமதியே வேணும். அந்த அளவு வந்தாலும் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புல இருந்து விலக்கு இருக்கு. ஒரு சூப்பர் ஸ்டோரு அந்த அளவைத் தொடுறதே அபூர்வம். நிலம் குடியிருப்பு வகையில இருந்து மாத்தணும்னா மட்டும் பேப்பர்ல அறிவிப்பு வரும், ஆட்சேபணைக்குக் கெடு போட்டிருக்கும். அதைத் தவற விட்டா போச்சு.

அதனால வரைபடத்தைப் பாக்க வழி ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல போடுற மனு. கட்டணம் 10 ரூபா. இந்த 10 ரூபாயைப் பத்திப் பேசியே ஆகணும், ஏன்னா முக்காவாசிப் பேரு இங்கதான் கவுந்துர்றாங்க. ஒட்ட வேண்டியது கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, நீதிமன்றக் கட்டண வில்லை. ரசீதுல ஒட்டுற ரெவின்யூ ஸ்டாம்பு இல்ல! தபால் தலையும் இல்ல! கோர்ட்டுப் பக்கம் ஸ்டாம்பு வெண்டர்கிட்ட கிடைக்கும். 10 ரூபா வில்லையை 15க்குக் கேக்குறவங்களும் இருக்காங்க. அஞ்சு ரூபாதானேன்னு விட்டுறாதீங்க, அச்சடிச்ச விலையைக் காட்டிக் கேளுங்க. எனக்கு இந்த அஞ்சு ரூபா ஆளுங்களைக் கண்டாலே ஆகாது. சரி, விடுங்க.

மனுவுல "ஏன் அனுமதிச்சீங்க"ன்னு எழுதாதீங்க. விளக்கம் குடுக்குற சட்டமில்ல அது, ஆவணம் குடுக்குற சட்டம். "தள வரைபட நகல், பார்க்கிங் கணக்குத் தாள், வாகனம் நுழையும் வெளியேறும் வழி காட்டும் வரைபடம், தீயணைப்புத் துறைக் கடிதம்"னு பேரு சொல்லிக் கேளுங்க. பெரிய தாளுக்கு நகல் செலவு தனி. அதனால "கோப்பை நேரில் பார்வையிட வேண்டும்"னும் ஒரு வரி சேத்துருங்க, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்ல. டேப்பு, ஸ்கேலு, நோட்டோட போங்க. மனு தப்பான ஆபீசுக்குப் போயிருச்சுன்னா அந்தச் சட்டத்தோட 6(3) பிரிவுப்படி அவங்களே 5 நாளுக்குள்ள சரியான இடத்துக்கு அனுப்பணும். பதிலுக்கு 30 நாள். கடைக்காரர் தரப்பைக் கேக்கணும்னு 11ஆம் பிரிவைப் பிடிச்சா 40 நாள் ஆகும். அதுக்குள்ள அஸ்திவாரம் தோண்டிருவாய்ங்க, அதனால போர்டு வச்ச அன்னைக்கே மனுவைப் போடுங்க.

இருங்க, முக்கியமானதை விட்டுட்டேன். இதுக்கெல்லாம் முன்னாடி அந்த நிலத்தோட சர்வே நம்பர் வேணும். அது இல்லாம மனு போட்டா "அப்படி ஒரு கோப்பு இல்லை"ன்னு ஒரே வரியில பதில் வந்துரும். நம்பர் கிடைச்சதும் அரசு இ-சேவைத் தளத்துல அ-பதிவேடும் (நிலம் என்ன வகை, யாரு பேருலன்னு சொல்றது) புலப்பட வரைபடமும் (நிலத்தோட அளவும் எல்லையும் காட்டுறது) பாருங்க. பக்கத்துல வாய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா அதை மனுவுல முதல் வரியா வைங்க. நம்ம ஊருல கண்மாய்க்குப் போற வாய்க்காலை மறிச்சா மழைக்கு எந்த வீட்டுக்குள்ள தண்ணி வரும்னு சொல்லணுமா?

வரைபடத்துல மூணு இடத்துல கண்ணை வைங்க. சரக்கு இறக்குற மேடை எங்க? பின்னாடி இருந்தா 32 அடி கன்டெய்னர் லாரி உங்க தெருவுக்குள்ளதான் வரும். ஒரே மூச்சுல திரும்பாது, விடியக்காலையில ரிவர்ஸ் ஹாரன் அடிச்சுத்தான் திரும்பும். மேடையை மெயின் ரோட்டுப் பக்கம் மாத்தச் சொல்லுங்க. பார்க்கிங் டோக்கன் குடுக்குற இடம் கேட்டை ஒட்டியே இருந்தா வண்டி வரிசை ரோட்டுலதான் நிக்கும், அதை உள்ள தள்ளி வைக்கச் சொல்லுங்க. அப்புறம் ஜெனரேட்டரும் ஏசி வெளி யூனிட்டும் எந்த வீட்டு ஜன்னலைப் பாத்து இருக்குன்னு பாருங்க. குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும் 45 டெசிபல் சத்தம்தான் வரம்பு.

கட்டி முடிச்ச பிறகும் ஒரு வேலை இருக்கு. வரைபடத்துல பேஸ்மென்ட் பார்க்கிங், நேர்ல பேஸ்மென்ட் குடோன், இதுதான் பழைய வித்தை. பணி நிறைவுச் சான்றிதழ் குடுக்குறதுக்கு முன்னாடி போட்டோவோட புகார் போகணும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர் நாள்ல குடுத்து, மனு நம்பர் போட்ட ரசீதைக் கையில வாங்கிட்டு வாங்க. ரசீது இல்லாம திரும்பாதீங்க.