துரத்துண்ட ஆடா, தொலைந்த ஆடா? எசேக்கியேல் 34-இல் மேய்ப்பன் வேலை

[திரை: யூதேயா மலைச்சரிவு. கல் அடுக்கிய ஆட்டுப்பட்டி, சுவரின் மேல் முள், ஒரே வாசல்.]

பொழுது சாயும் நேரம். மேய்ப்பன் வாசலில் கோலோடு நிற்கிறான். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கோலின் கீழ் நுழைகின்றன. வேதாகமத்தில் லேவியராகமம் 27:32-இல் ‘கோலின்கீழ்ப்பட்ட’ என்று வாசிக்கிறோமே, அது இந்த எண்ணிக்கைதான். லூக்கா 15-இல், இயேசு சொன்ன உவமையில், நூறு ஆட்டில் ஒன்று குறைந்தது எப்படித் தெரிந்தது? எண்ணினதால் தெரிந்தது. நூறுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது.

சபையில் ‘இன்று 180 பேர்’ என்று எழுதி வைக்கிறோம். அது வந்தவர்களின் கணக்கு. வராதவர் யார் என்று அது சொல்லாது. குடும்பவாரியாகப் பெயர்ப்பட்டியல் வையுங்கள். மூன்று ஞாயிறு தொடர்ந்து காணாத பெயரைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

[திரை: எசேக்கியேல் 34:4]

இங்கே ‘மேய்ப்பர்’ என்பது முதலில் இஸ்ரவேலை ஆட்சி செய்த தலைவர்கள். சபை மூப்பருக்கு அதே படத்தைக் காட்டுவது 1 பேதுரு 5. அந்தத் தலைவர்கள்மேல் கடவுள் வைக்கும் குற்றச்சாட்டில் ஐந்து வகை ஆடு: பலவீனமானது, நசல்கொண்டது (நோயுற்றது), எலும்பு முறிந்தது, துரத்துண்டது, காணாமற்போனது. ஐந்துக்கும் ஐந்து வைத்தியம். பிரசங்கம் ஒன்றையே எல்லாவற்றுக்கும் மருந்தாக்கினால், கால் முறிந்த ஆட்டுக்குத் தீவனம் வைத்த கதைதான்.

அதிகம் தவறுவது கடைசி இரண்டில். காணாமற்போனது மேய்ந்துகொண்டே தானாக விலகியது. துரத்துண்டதோ தள்ளப்பட்டது. யார் தள்ளினது? 21-ஆம் வசனம் ஒளிக்காமல் சொல்கிறது: கொழுத்த ஆடுகள் விலாவாலும் தோளாலும் தள்ளி, கொம்பால் முட்டின. அதற்குச் சற்று முன்னே, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைக் காலால் கலக்கின.

[திரை: ஒரு வீட்டுத் திண்ணை. இருவர் உட்கார்ந்து பேசுகிறார்கள்.]

ஆகவே வீடு சந்திக்கப் போகிறவர் ‘ஏன் சபைக்கு வரவில்லை?’ என்று தொடங்க வேண்டாம். துரத்துண்டவர் காதில் அது இன்னொரு முட்டு. ‘கடைசியாக வந்த ஞாயிறு என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள், இதுதான் கஷ்டம். ஜெபித்து முடிக்கும் அவசரம் வேண்டாம். பதிலில் ஒரு பெயர் வந்தால், அடுத்த சந்திப்பு அந்தப் பெயருக்கு உரியவரோடு. அவர் கமிட்டியில் இருந்தாலும், பெரிய காணிக்கை கொடுப்பவராக இருந்தாலும் சரி. கொம்பை அப்படியே விட்டுவிட்டு ஆட்டை மட்டும் திரும்பக் கூட்டி வந்தால், அடுத்த மாதமே மறுபடி வெளியே.

திரும்பி வந்தவரை முதல் வாரமே பாடகர் குழுவில் நிறுத்துவதும் வழக்கமான பிழை. ஆதியாகமம் 33:13-இல் யாக்கோபு தன் அண்ணன் ஏசாவோடு சேர்ந்து நடக்க மறுக்கிறான். கறவை ஆடுகளை ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துவிடும் என்கிறான். அவனுக்கு இருபது வருஷ மேய்ச்சல் அனுபவம். வந்தவர் பின்வரிசையிலேயே உட்காரட்டும். பட்டியலில் அவர் பெயரைச் சுற்றிய வட்டத்தை மட்டும் அழித்துவிடுங்கள்.