749 ரூபாய் தலையணையும் போடி இலவம் பஞ்சும்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் கத்தரிக்கோலால் தலையணையைக் கிழித்தேனே, அதற்கு வந்த கமெண்ட்டுகளையே இன்னும் படித்து முடிக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். 'நூறு சதவீதம் இலவம் பஞ்சு' என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் 749 ரூபாய்க்கு ஒரு தலையணை வாங்கினேன். இரண்டே மாதத்தில் உள்ளே கட்டி கட்டியாகத் திரண்டு, காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கிழித்தால் மேலே பேருக்கு ஒரு கைப்பிடி இலவம் பஞ்சு, மிச்சமெல்லாம் சாம்பல் நிறக் கழிவுப் பஞ்சு. 749 ரூபாய்! ஐம்பது ரூபாய் குறைத்து 699 என்று போட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது, ஏனென்று கேட்காதீர்கள்.

என் பிடிவாதம்தான் உங்களுக்குத் தெரியுமே, மதுரையில் ரயில் ஏறிப் போடிக்கே போய்விட்டேன். அகலப் பாதை வேலைக்காகப் பல வருஷம் நின்றிருந்த ரயில் 2023 ஜூனில்தான் போடி வரைக்கும் மறுபடி ஓட ஆரம்பித்தது, ஜன்னல் சீட்டில் மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். போடி என்றால் எல்லாருக்கும் ஏலக்காய்தான் ஞாபகம் வரும், ஆனால் இலவம் பஞ்சுக்கும் அதுதான் ஊர். இது நெற்று வெடிக்கிற பருவம், மரத்தில் இலையே இல்லை, வெறும் கிளையில் காய்ந்த நெற்றுகள் தொங்குகின்றன. பஞ்சு பிரிக்கிற இடத்துக்கு நான் மாஸ்க் இல்லாமல் போனேன், முட்டாள்தனம். மூக்கிலும் கண்ணிலும் பஞ்சுத் தூள் ஏறி, எடுத்த வீடியோவில் பாதி என் தும்மல்தான்.

அங்கே போய்த்தான் ஒன்று புரிந்தது. பருத்திப் பஞ்சு விதையின் மேல்தோலிலேயே ஒட்டி வளரும், அதனால்தான் கொட்டையைப் பிரிக்க மெஷின் வேண்டும். இலவம் பஞ்சு நெற்றின் உள்சுவரிலிருந்து வளர்கிறது, கொட்டை சும்மா அதற்குள் கிடக்கிறது, உதறினாலே விழுந்துவிடும். இழை உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் ஒட்டாது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் அடைத்தது இதைத்தான். ஆனால் இழை வழுவழு என்று இருப்பதால் நூலாக முறுக்கிக்கொள்ளாது, அதனால்தான் இலவம் பஞ்சில் வேட்டி சட்டை எதுவும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சரி, சோதனை. இரண்டு டம்ளர் தண்ணீர். இதில் ஆன்லைன் பஞ்சு, இதில் போடி பஞ்சு. விரலால் இரண்டையும் அமுக்குகிறேன், பாருங்கள்... ஆன்லைன் பஞ்சு நனைந்து கீழே போய்விட்டது. போடி பஞ்சு மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன், காலையிலும் அங்கேயேதான் இருந்தது. அம்மா இதற்காக ஒரு டம்ளரை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றார், அது தனிக் கதை.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். சென்ற மாசி மாத வீடியோவில் சிவப்புப் பூ பூத்த மரத்தைக் காட்டி, 'இதுதான் தலையணைப் பஞ்சு மரம்' என்றேனே, அது தப்பு. அது முள்ளிலவு, அறிவியல் பெயர் பாம்பாக்ஸ் சீபா. தலையணைப் பஞ்சுக்காக வளர்ப்பது சீபா பென்டாண்ட்ரா, பூ வெளிர் மஞ்சள், ராத்திரியில் விரியும், தேன் குடிக்க வௌவால் வரும். ஒரு மரத்தின் முதல் பெயரை இன்னொன்றுக்கு இரண்டாம் பெயராக வைத்தால் நான் குழம்பாமல் என்ன செய்வேன்? இரண்டுமே செம்பருத்தி, வெண்டை, பூவரசு குடும்பம்தான். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, சீபா நம் ஊர் மரமே இல்லையாம்! அமெரிக்க வெப்ப நாடுகள்தான் சொந்த ஊர், மாயா மக்களுக்குப் புனித மரம், குவாத்தமாலாவின் தேசிய மரம். சங்கப் பாட்டில் வருகிற இலவம் அந்தச் சிவப்புப் பூக்காரன். அப்படியானால் இலவு காத்த கிளியும் அந்த முள்ளு மரத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு இரட்டைத் தண்டனை.

இப்போது கணக்கு. பஞ்சு கிலோ 300 ரூபாய் என்று இரண்டு கிலோ, 600. கோடு போட்ட மெத்தைத் துணி 180. தெருமுனை அண்ணனிடம் தையல் கூலி 100. மொத்தம் 880, இரண்டு தலையணை, ஒன்று 440 ரூபாய்! அம்மா ரயில் டிக்கெட்டையும் சேர்க்கச் சொல்கிறார், நான் சேர்க்க மாட்டேன், அது சுற்றுலா. இரண்டு கிலோதானே என்று அலட்சியமாகப் போனேன், அது ஒரு சாக்கு முழுக்க வந்தது, திரும்பி வரும்போது ரயிலில் அதற்கும் ஒரு சீட் பிடித்திருந்தேன்.

அடைக்கும்போது 23 கறுப்புக் கொட்டை கிடைத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, அந்த 749 தலையணையில் ஒன்றுகூட இல்லையே. நாலை எடுத்து மாடியில் க்ரோ பேக்கில் போட்டிருக்கிறேன். பெரிய கட்டடம் உயரத்துக்கு வளர்கிற மரம் என்று எனக்கும் தெரியும், திட்டாதீர்கள்.

அப்புறம் முக்கியமானது, இந்தத் தலையணையைத் துவைக்காதீர்கள். மாதம் ஒரு தடவை நல்ல வெயிலில் போட்டுத் தட்டினால் போதும், உப்பி வந்துவிடும். அதற்காக அடுப்புப் பக்கம் காய வைக்கவே வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும். நேற்று மாடியில் போட்டுவிட்டுக் கீழே வந்து மறுபடி போனால் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று அம்மா கட்டிலில்.